ஊர் சுருங்கச் சுருங்கத் தானும் சுருங்கின தேவாலயம்

இங்கிலாந்தில், வடக்கு யார்க்‌ஷயர் பகுதியில், வாரம் பெர்சி என்று ஒரு ஊர் இருந்தது. நம்ம பக்கம் நிலத்தை வாரத்துக்கு விடுவோமே, அந்த வாரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க, பேர் அப்படி அமைஞ்சுபோச்சு. இருந்ததுன்னு சொல்றேன், ஏன்னா இப்போ இல்லை. சுமார் ஐந்நூறு வருசத்துக்கு முன்னாடியே அங்கே குடியிருப்பு ஒழிஞ்சுபோச்சு. வீடுகள் நின்ன இடத்தில் புல் மூடின மேடும் பள்ளமும்தான் கிடக்குது. அந்தக் காலத்துக் கட்டிடம்னு தரைக்கு மேலே நிற்கிறது ஒண்ணே ஒண்ணுதான். கூரை இல்லாத ஒரு தேவாலயம், பாதி இடிஞ்ச கோபுரத்தோட.

அந்தத் தேவாலயத்தின் சுவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ராஜா கட்டின பெரிய கோயில் இல்லை அது. உலகப் புகழ் பெற்ற சிற்பமோ, வண்ணக் கண்ணாடியோ கிடையாது. சாதாரண வெள்ளாமைக்காரங்க கும்பிட்ட ஊர்க் கோயில். ஆனா அந்த ஊரில் ஆள் எப்போ பெருகுச்சு, எப்போ குறைஞ்சுதுன்னு அந்தச் சுவரில் எழுதி வெச்ச மாதிரி பதிஞ்சிருக்கு. கண்ணு இருந்தால் படிச்சுக்கலாம்.

எனக்கு இது எப்படித் தெரியும்னு கேட்பீங்க. மகள் லீட்ஸ் நகரத்தில் வேலையில் இருக்கிறாள். பேரன் பிறந்தப்போ நானும் வீட்டுக்காரியும் ரெண்டு மாசம் போயிருந்தோம். ஒரு ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை, "மாமா, உங்களுக்குக் கடைவீதி சுத்தறது ஆகாது. காலியாப்போன ஒரு ஊர் இருக்குது, வர்றீங்களா?"ன்னு கூட்டிட்டுப் போனார். நான் பத்தாவது வரைக்கும் தமிழில் படிச்சவன். அங்கே வெச்சிருந்த பலகைகளை மகள்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னாள். ஊருக்கு வந்த பிறகும் விடலை. அந்த இடத்தைத் தோண்டி ஆராய்ச்சி பண்ணினவங்க சொன்னதையெல்லாம் தேடி, புரியாததை ஃபோனில் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததுதான் கீழே வருது.

இடம் எப்படி

அந்தப் பகுதிக்கு யார்க்‌ஷயர் வோல்ட்ஸ்னு பேர். சாக்பீஸ் மாதிரி வெள்ளைச் சுண்ணாம்புக் கல் அடியில் இருக்கிற மலைச்சரிவு பூமி. மேல்மண் ஆழம் கம்மி. காலில் இடறினாலே வெள்ளைக் கல்லுதான். நம்ம காங்கயம், தாராபுரம் பக்கத்து ஓடக்கல்லு காட்டைப் பார்த்தவங்களுக்கு அந்த மண்ணோட குணம் சொல்லாமலே புரியும். வெளையும், ஆனா அள்ளிக் கொடுக்காது.

வண்டியை மேலே நிறுத்திட்டு முக்கால் மைல் நடந்து இறங்கணும். மேட்டு மேலே வரிசையா வீடுகள் இருந்திருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீளமான கொல்லை. வீட்டு அடித்தளம், கொல்லை வரப்பு, நடுவே வண்டி போன தடம், எல்லாமே புல்லுக்கு அடியில் மேடாவும் பள்ளமாவும் இன்னிக்கும் தெரியுது. சாயங்கால வெயில் சாய்வா அடிக்கும்போது நிழல் விழுந்து இன்னும் நல்லாத் தெரியும். கீழே பள்ளத்தாக்கில், ஊற்றுத் தண்ணி ஓடுற இடத்தில், ஒரு குளத்துக்குப் பக்கத்தில் தேவாலயம். மேட்டில் குடியிருப்பு, பள்ளத்தில் தண்ணியும் சாமியும்.

1086-ல் இங்கிலாந்து ராஜா எடுத்த நிலக் கணக்கிலேயே இந்த ஊர் வருது. பெர்சிங்கறது பின்னாடி இந்த ஊரை ஆண்ட பெரிய குடும்பத்துப் பேர். பக்கத்திலேயே வாரம்-லெ-ஸ்ட்ரீட்னு இன்னொரு ஊர் இருக்குது. அது இன்னும் உயிரோட இருக்கு.

தேவாலயத்தோட உடம்பு

சுவரைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பழைய கிராமத்துத் தேவாலயம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும். கிழக்கு மேற்கா நீளமான கட்டிடம். கிழக்குக் கடைசியில் பீடம். பீடம் இருக்கிற பகுதியைப் பீடக்கூடம்னு வெச்சுக்குவோம். அது பாதிரியாருக்கானது. அதுக்கு மேற்கே ஜனங்க நிற்கிற நடுக்கூடம். மேற்குக் கடைசியில் மணிக்கோபுரம். ரெண்டு கூடத்துக்கும் நடுவே ஒரு பெரிய வளைவு, அதாவது ஆர்ச்.

ஜனங்க அதிகமாகி நடுக்கூடம் பத்தலைன்னா என்ன பண்ணுவாங்க? நம்ம வீட்டில் பையனுக்குக் கல்யாணம் ஆனால் பக்கத்துச் சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கி ஒரு அறை போடுறோமே, அதே வேலைதான். நடுக்கூடத்தோட பக்கச் சுவருக்கு வெளியே இன்னொரு சுவர் எழுப்புவாங்க. ரெண்டுக்கும் நடுவே சாய்வா கூரை போடுவாங்க. பிறகு பழைய சுவரில் இடைவெளி இடைவெளியா உடைச்சு, தூணும் வளைவுமா மாத்துவாங்க. மேலே இருக்கிற சுவரோட பாரம் வளைவு வழியாத் தூணுக்கு இறங்கிடும். கீழே ஆள் நடமாட இடம் கிடைச்சிடும். இப்படிச் சேர்த்ததைப் பக்கக்கூடம்னு சொல்லலாம். தெற்கே ஒண்ணு, வடக்கே ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் சேர்க்கலாம்.

இன்னொரு விசயமும் முக்கியம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பொதுவான வழக்கம் என்னன்னா, நடுக்கூடத்தைப் பராமரிக்கிறது ஊர்ஜனங்க பொறுப்பு. பீடக்கூடம் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வாங்குறவங்க பொறுப்பு. ஓட்டை விழுந்தால் யார் கையை விட்டுக் காசு போகும்ங்கறது கோடு கிழிச்ச மாதிரி தெளிவு. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

வளர்ந்த காலம்

தோண்டிப் பார்த்ததில் முதலில் இருந்தது மரத்தால் கட்டின ஒரு சின்னக் கோயில்னு கருதுறாங்க. 10-ஆம் நூற்றாண்டு. அதுக்கான தடயம் தரைக்கு அடியில் கம்பம் நட்ட குழிகள்தான். நாமளும் பந்தல் போட்டுக் கழட்டின பிறகு குழியைப் பார்த்தே இங்கே பந்தல் இருந்ததுன்னு சொல்லிடுவோம். மண்ணு ஒரு தடவை கலைஞ்சால் பழையபடி சேராது, நிறம் வேறயாவே இருக்கும். ஆயிரம் வருசம் ஆனாலும் அப்படித்தான்.

அதுக்கு மேலே சின்னதா ஒரு கல் கோயில். அதையும் மீறி 12-ஆம் நூற்றாண்டில் பெரிசா இன்னொண்ணு. அதே நூற்றாண்டு முடியும்போது தெற்கே பக்கக்கூடம் சேர்த்தாங்க. 13-ஆம் நூற்றாண்டில் வடக்கேயும் சேர்த்தாங்க. பழைய வளைவுகள் அரை வட்டமா இருக்கும், பிந்தினது உச்சி கூர்மையா இருக்கும். இங்கிலாந்து கட்டிடங்களில் வளைவோட வடிவத்தை வெச்சே காலத்தை ஓரளவு சொல்லிடலாமாம். நம்ம ஆளுங்க தூணையும் போதிகையையும் பார்த்துச் சோழர் காலமா, நாயக்கர் காலமான்னு சொல்ற மாதிரி.

இந்த வளர்ச்சிக்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை. அந்த ரெண்டு நூற்றாண்டும் இங்கிலாந்தில் ஜனத்தொகை ஏறின காலம். முன்னே உழாத மேட்டையெல்லாம் உழுதாங்க. ஊருக்குப் பொதுவான பெரிய நிலத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீளநீளமான பட்டைகள். கனமான கலப்பையில் பல மாட்டைப் பூட்டி ஓட்டணும். ஒரு வீட்டு மாடு பத்தாது, நாலு வீடு சேர்ந்தால்தான் ஏர். வெள்ளாமையே கூட்டு வேலைங்கறப்போ ஊரும் ஒட்டியே வளரும்.

அந்தத் தேவாலயத்துக்கு வந்தவங்க வாரம் பெர்சிக்காரங்க மட்டும் இல்லை. ரெய்ஸ்தார்ப், பர்டேல், தவ்தார்ப், திக்சன்டேல்னு சுத்துப்பட்டு நாலு ஊருக்கும் இதுதான் தாய்க் கோயில். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் அஞ்சு ஊரும் மலைத்தடத்தில் நடந்து இங்கேதான் வரணும். அத்தனை பேரும் நிற்க இடம் வேணுமில்லையா, அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் கூடம்.

சுருங்கின காலம்

இப்போ அந்தச் சுவருக்கு முன்னால் நின்னு பாருங்க. தூண் தெரியுது. தூணுக்கு மேலே வளைவு தெரியுது. ஆனா வளைவுக்குள்ளே போக வழி இல்லை, கல்லு வெச்சு அடைச்சிருக்கு. உள்ளே இருந்து வெளியே போன வளைவெல்லாம் சுவரோட சுவரா மூடிக் கிடக்குது. வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்த கூடம் இல்லை, வெறும் புல்.

15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ரெண்டு பக்கக்கூடத்தையும் ஒண்ணு பின்னால் ஒண்ணா எடுத்துட்டாங்க. இடிஞ்சு விழலை, எடுத்தாங்க. வெளிச்சுவரைப் பிரிச்சு, கூரையை இறக்கி, வளைவுகளை அடைச்சு, வெளிச்சுவரில் இருந்த பழைய ஜன்னலை அந்த அடைப்பிலேயே பதிச்சு வெளிச்சத்துக்கு வழி பண்ணியிருக்காங்க. அதுக்குப் பிறகு 17-ஆம் நூற்றாண்டில் கிழக்கே இருந்த பீடக்கூடத்தையும் நீளம் குறைச்சுக் கட்டினாங்க.

கவனிச்சுப் பாருங்க, இது பாழாப்போன கதை இல்லை. பாழாப்போறவன் ஜன்னலைக் கழட்டி மறுபடியும் ஒழுங்காப் பதிக்க மாட்டான். இது கணக்குப் பார்த்துச் சிக்கனம் பண்ணினவங்க வேலை. கூரைக்கு ஈயம் வேணும், மரம் வேணும், கொத்தனுக்குக் கூலி வேணும். அம்பது வீடு பங்கு போட்டுப் பராமரிச்ச கூடத்தைப் பத்து வீடு பராமரிக்க முடியாது. ஒழுகுற கூரையை வெச்சுக்கிட்டு அழுவதை விட, கூடத்தையே எடுத்துட்டு மிச்சத்தைக் காப்பாத்துன்னு முடிவு எடுத்திருக்காங்க. பக்கக்கூடத்தை எடுத்தது ஊர்ஜனங்க கணக்கு. பீடக்கூடத்தைக் குட்டையாக்கினது தசமபாகம் வாங்கினவங்க கணக்கு. ரெண்டு கணக்கும் ஒரே விடையைத்தான் சொல்லுது, ஆள் குறைஞ்சுபோச்சு.

நம்ம பக்கத்துப் பழைய தொட்டிக்கட்டு வீடுகளைப் பார்த்திருப்பீங்க. நாலு அண்ணன் தம்பி இருந்த வீட்டில் ஒருத்தர் மட்டும் மிஞ்சினால், பின்கட்டை அடைச்சுப் பூட்டிட்டு முன்கட்டில் குடியிருப்பாங்க. ஓடு சரிஞ்ச பக்கத்து மரத்தைக் கழட்டி முன்பக்கத்துக்குப் போடுவாங்க. அந்த வீட்டுக்குள்ளே போனால் அடைச்ச கதவெல்லாம் ஒரு காலத்தில் யாரோ நடந்த வழின்னு தெரியும். அதே மாதிரிதான் இந்த வளைவுகளும்.

காலி பண்ணினது யார்

வாரம் பெர்சின்னு சொன்னவுடனே பலபேர் "பிளேக் நோய் வந்து ஊரே அழிஞ்சது"ன்னு சொல்லிடுவாங்க. 1348, 49-ல் வந்த பெரிய கொள்ளைநோய் இங்கிலாந்தில் ஏகப்பட்ட ஜனங்களை வாரிக்கிட்டுப் போனது நிஜம். இந்த ஊரும் தப்பலை. ஆனா நோயோட ஊர் முடிஞ்சுடலை. 1368-ல் ஏறக்குறைய 30 வீட்டில் ஆள் இருந்திருக்கு. 1458 வாக்கில் 16 வீடுதான்.

நோய்க்குப் பிறகு நாடு முழுக்க ஆள் பஞ்சம். கூலி ஏறுச்சு. இதை விட நல்ல மண்ணு உள்ள ஊரில் நிலம் காலியாக் கிடைச்சது. சுண்ணாம்புக் கல்லு மேட்டில் மல்லுக்கட்டினவன் எதுக்கு இங்கேயே இருக்கணும்? கொஞ்சம் கொஞ்சமா இடம் பெயர்ந்தாங்க. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் ஆடு. அந்தக் காலத்தில் இங்கிலாந்தோட பெரிய செல்வமே கம்பளி மயிர்தான். நம்ம மயிலம்பாடி, மேச்சேரி ஆடு கறிக்கு, அவங்க ஆடு மயிருக்கு. பண்ணைக்காரன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கான். உழவுக்கு விட்டால் பத்துப் பதினைஞ்சு குடும்பம் இருக்கணும், அவங்க தர்ற குத்தகை பழைய குத்தகைதான், கூலி ஆளுக்கு நிறையக் கொடுக்கணும். ஆட்டுக்கு விட்டால் ஒரு மேய்ப்பனும் ஒரு நாயும் போதும். நானும் கொறங்காட்டில் செம்மறி வெச்சிருக்கிறவன்தான், அதனால் இந்தக் கணக்கு எனக்கு நல்லாவே புரியும். ஆடு நல்ல பிராணி. அதுமேல் குத்தம் ஒண்ணும் இல்லை. ஆனா மேய்ச்சல் நிலத்துக்கு ஆள் தேவைப்படாது, அதுதான் விசயம்.

15-ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் இந்த ஊர் பெர்சி குடும்பத்துக் கையில் இருந்து ஹில்டன் குடும்பத்துக்குக் கை மாறுச்சு. அந்த நூற்றாண்டு முடியுற சமயத்தில் நாடு பூராவும் இப்படி ஊர்களைக் காலி பண்ணி ஆடு விடுறது அதிகமாகி, அரசாங்கமே பயந்துபோச்சு. உழவு குறைஞ்சால் தானியம் குறையும், ஆள் குறைஞ்சால் வரியும் படையும் குறையும். அதனால் 1517-ல் ஒரு விசாரணை நடந்தது. யார் யார் எந்த ஊரில் எத்தனை ஏரை நிறுத்தினாங்கன்னு எழுதினாங்க. அதில் வாரம் பெர்சிக்கும் ஒரு வரி இருக்குது. ஹில்டன் பிரபு நாலு வீட்டைப் பாழாக விட்டார், நாலு ஏரை நிறுத்தினார்ங்கறதுதான் அதோட சாரம். அந்த ஊர் முடிஞ்சது 1500-ஐ ஒட்டின வருசங்களில்.

அந்த நாலு வீட்டுக்காரங்க பேர் தெரியாது. பிரபு பேர் இருக்குது. நிறுத்தினதை வீட்டுக் கணக்கில் மட்டும் எழுதாமல் ஏர்க் கணக்கிலும் எழுதி வெச்சிருக்கிறது என்னை ரொம்ப நேரம் யோசிக்க வெச்சது. ஏர் ஒண்ணு நின்னா அதுக்குப் பின்னால் மாடு, மாட்டைப் பார்த்துக்கிட்ட பையன், கலப்பை செஞ்ச தச்சன், கொழு அடிச்ச கொல்லன், களை எடுத்த பொம்பளைங்க, அறுப்புக்கு வந்தவங்க எல்லாருக்கும் வேலை நின்னுபோச்சுன்னு அர்த்தம். கிராமத்தில் இருக்கிறவனுக்கு இது விளக்கத் தேவையில்லை.

ஊர் போன பிறகும் கோயில்

இங்கேதான் வினோதம். ஊர் காலி. ஆனா தேவாலயம் அதுக்குப் பிறகு நாலரை நூற்றாண்டு நடந்தது. காரணம் மத்த ஊர்கள். பங்கு எல்லை மாறலை, அதனால் திக்சன்டேல்காரங்க மலையைத் தாண்டி, ஆடு மேயுற காலி ஊர் வழியா நடந்து வந்துதான் கும்பிடணும். பிணத்தையும் இங்கேதான் தூக்கிட்டு வரணும். குடியிருக்க யாரும் இல்லாத ஊரில், புதைக்க மட்டும் ஆள் வந்துக்கிட்டே இருந்தாங்க.

அந்த மற்ற ஊர்களிலும் சிலது இதே மாதிரி கரைஞ்சுபோச்சு. அஞ்சு ஊருக்குக் கட்டின கோயில், ரெண்டு ஊருக்குக்கூடத் தேறாத நிலைமை. பிறகு 1870 வாக்கில் திக்சன்டேலுக்கே தனியா ஒரு தேவாலயம் கட்டிட்டாங்க. அதுக்குப் பிறகு இங்கே வர வேண்டிய கட்டாயம் பலருக்கு இல்லை. பள்ளத்தாக்கில் ரயில் பாதைகூட வந்தது, 1853-ல் திறந்து 1958-ல் மூடிட்டாங்க. ரயில் வந்தும் ஊர் திரும்ப வரலை.

கடைசியா வழக்கமான ஆராதனை நடந்தது 1949-ல். அதுக்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமா நடந்தது. 1950-களில் கூரையில் இருந்த ஈயத் தகட்டை யாரோ திருடிட்டாங்க. ஈயம் போனால் மழைத்தண்ணி நேரா மரத்துக்கும் சுவருக்குள்ளேயும் இறங்கும். அந்தக் காலத்துத் தடிச்சுவர்னா வெளியே ரெண்டு பக்கமும் செதுக்கின கல், நடுவே சின்னக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் போட்டு நிரப்பினது. தண்ணி இறங்கிப் பனிக்காலத்தில் உறைஞ்சால் உள்ளே இருந்தே உப்பிப் பிளக்கும். 1959-ல் கோபுரத்தோட மேற்குப் பக்கம் சரிஞ்சு விழுந்தது. இன்னிக்கு அந்தக் கோபுரத்தைப் பார்த்தால் பலாப்பழத்தை நெடுக்கா வெட்டின மாதிரி இருக்கும், உள்புறம் எல்லாம் வெளியே தெரியும். எண்ணூறு வருசம் கூட்டியும் குறைச்சும் காப்பாத்தினதை, கூரையை விட்டதும் பத்தே வருசத்தில் மழை சாய்ச்சிருச்சு.

தோண்டினவங்க

லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு சொல்லிக் கொடுத்த மாரிஸ் பெரஸ்ஃபோர்டு 1948-ல் இந்த இடத்துக்கு வந்தார். பழைய வரைபடத்தையும் வரிக் கணக்கையும் வெச்சுக் காணாமல் போன ஊர்களைத் தேடிக்கிட்டிருந்தவர். அப்போ பலபேர், இப்படி ஊர்கள் காணாமல் போனதே பெரிசா நடக்கலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க. 1950-ல் தோண்ட ஆரம்பிச்சார். ரெண்டு வருசம் கழிச்சு ஜான் ஹர்ஸ்ட்ங்கற தொல்லியல்காரர் சேர்ந்தார். அதுக்குப் பிறகு வருசா வருசம் கோடையில் சில வாரம், 1990 வரைக்கும் நாற்பது வருசம் தோண்டினாங்க. கூலி ஆளை விடத் தன்னார்வலர்கள்தான் அதிகம். தேவாலயத்துக்குப் பக்கத்தில் மிஞ்சி நிற்கிற பிற்காலத்துப் பண்ணை வீட்டு வரிசையில்தான் தங்குவாங்களாம். இங்கிலாந்தில் இப்படி ஆளொழிஞ்ச பழைய ஊர்கள் சுமார் 3,000 இருக்குதுன்னு இன்னிக்குச் சொல்றாங்க.

1962-ல் இருந்து 1974 வரை தேவாலயத்தையே தோண்டினாங்க. மரக்கோயில் குழியிலிருந்து நான் மேலே சொன்ன கட்டங்கள் எல்லாம் அப்போதான் ஒண்ணொண்ணா வெளியே வந்தது. பக்கக்கூடச் சுவரோட அடித்தளம் புல்லுக்கு அடியில் அப்படியே இருந்தது. மேலே அடைச்ச வளைவு, கீழே காணாமல் போன கூடத்தோட அடித்தளம், ரெண்டும் பொருந்திப்போச்சு.

தேவாலயத்திலும் சுத்தியும் 687 பேரோட எலும்புக்கூடு கிடைச்சது. பிரபு வீட்டார் கல்லறை மட்டும் கிடைச்சிருந்தால் இவ்வளவு தெரிஞ்சிருக்காது. இவங்க ஏர் ஓட்டினவங்க, களை எடுத்தவங்க, அவங்க குழந்தைகள். எலும்பை ஆராய்ஞ்சதில் பிள்ளைகளுக்கு ஒன்றரை வயசு வரைக்கும் தாய்ப்பால் கொடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சது. அங்கே இருந்த 14 வயசுப் பிள்ளையோட உயரம் இன்னிக்கு 10 வயசுப் பிள்ளையோட உயரம்தான். கோயிலுக்குப் புதுக் கூடம் கட்டின ஊர்தான், ஆனா பிள்ளைங்களுக்குப் போதுமான சோறு இல்லை. சுவர் சொல்லாத விசயத்தை எலும்பு சொல்லிருச்சு. ரெண்டையும் சேர்த்துப் படிச்சால்தான் அந்த ஊர் முழுசாத் தெரியுது.

நம்ம ஊர்ச் சுவர் என்ன சொல்லும்

இதையெல்லாம் படிச்ச பிறகு நம்ம பக்கத்து ஊர்களை நினைச்சுப் பார்த்தேன். நம்ம ஊர்களும் ஆள் இளைச்சுத்தான் கிடக்குது. பிள்ளைங்க பனியன் கம்பெனிக்கும் மென்பொருள் கம்பெனிக்கும் போயாச்சு. உழுத காடுகள் பல இப்போ கிளுவை வேலி போட்ட கொறங்காடா, இல்லைன்னா வெறும் கருவேலங்காடாக் கிடக்குது. இங்கே எந்தப் பிரபுவும் வந்து யாரையும் துரத்தலை. கட்டுப்படியாகாத விலையும் கிடைக்காத ஆளும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செஞ்சிருச்சு.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது. வாரம் பெர்சியில் ஆள் குறைஞ்சப்போ கோயிலும் குறைஞ்சது. ஏன்னா அங்கே இருக்கிறவங்கதான் அதைத் தாங்கணும். நம்ம ஊர்களில் நேர்மாறு. ஊரில் ஆள் குறையக் குறையக் கோயில் பெரிசாகுது. வெளியூரில் இருந்து பணம் வருது, பழைய கல்மண்டபத்தைப் பிரிச்சுட்டு கான்கிரீட்டில் கோபுரம் எழும்புது, கும்பாபிஷேகத்துக்கு ரெண்டாயிரம் பேர் வர்றாங்க. மறுநாள் விளக்கு வைக்கப் பூசாரி மட்டும்தான். இன்னும் ஐந்நூறு வருசம் கழிச்சு ஒருத்தர் வந்து நம்ம கோயில்களைத் தோண்டிப் பார்த்தால், "இந்த நூற்றாண்டில் இந்த ஊர்கள் செழிச்சு, ஜனம் பெருகி இருந்திருக்கு"ன்னு எழுதிட்டுப் போயிடுவார்.

பணம் அனுப்புறவங்களைக் குறை சொல்றதுக்காக இதை எழுதலை. ஊர்மேல் பாசம் இருக்கப்போய்த்தானே அனுப்புறாங்க. ஆனா நகரத்தில் இருந்து இதைப் படிக்கிறவங்க ஒரு காரியம் பண்ணலாம். அடுத்த தடவை நோம்பிக்கு ஊருக்குப் போனால் கோபுரத்தைப் பார்த்து நிறுத்திக்காதீங்க. பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்பறை பூட்டியிருக்குன்னு பாருங்க. பொதுக் களத்தில் கடைசியா எப்போ தானியம் காயப்போட்டாங்கன்னு கேளுங்க. எந்தெந்த வீட்டில் பின்கட்டு அடைச்சிருக்கு, எந்தக் கிணத்துமேட்டில் கவலை இழுத்த தடம் இன்னும் தெரியுதுன்னு பாருங்க. ஊரில் மொத்தம் எத்தனை ஏர் இருந்தது, இப்போ எத்தனைன்னு வயசானவங்ககிட்டக் கேட்டு, பேரோட ஒரு நோட்டில் எழுதி வெச்சுடுங்க. வாரம் பெர்சியில் நின்னுபோன நாலு ஏருக்குச் சொந்தக்காரங்க பேர் யாருக்கும் தெரியாது. நம்ம ஊர் ஏர்க்காரங்க பேரைச் சொல்ல இன்னும் ஆள் இருக்குது.